ஆகாசத்துக்குப் பட்டா இல்லை

மார்கழி பிறந்த அன்று விடியலில், பூக்கூடையும் கையுமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ரமணி தெருமுனையில் நின்றுவிட்டாள். கோயில் வாசல் குழாய் ஸ்பீக்கரில் யாரோ பாசுரம் பாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல குரல். வெறும் நல்ல குரல் என்றால் போதாது. மேலே போகும்போது இழுத்துப் பிடிக்காமல், கீழே இறங்கும்போது தொப்பென்று விழாமல், தூங்குகிற குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிடுகிற மாதிரி ஒரு குரல். பனியில் நின்றபடி ரமணி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வரி ரசித்துக்கூடக் கேட்டுவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் குழாயில் பாட வேண்டியவளே அவள்தான்.

திருமுல்கேரி காலனிப் பெருமாள் கோயிலில் மார்கழி மாதக் கோஷ்டிக்கு ரமணிதான் தலைவி. அவள் புருஷன் சக்ரபாணி பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வயர்லெஸ் பிரிவில் சேர்ந்து ஹைதராபாதுக்கு வந்த காலத்திலிருந்து இந்தக் காலனிதான், இந்தக் கோயில்தான், இந்தத் தலைமைதான். அவள் ஒரு வரி சொல்ல, மற்றப் பெண்கள் திருப்பிச் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த பெண்கள் மாமியார்களாகிவிட்டார்கள். அர்ச்சகர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ரமணி மட்டும் மாறவில்லை. அந்த இடத்துக்கு இன்னொருத்தி வரக்கூடும் என்று யாரும் நினைத்ததில்லை, ரமணி நினைத்ததே இல்லை.

ஓட்டமும் நடையுமாக உள்ளே போனால் அங்கே அர்ச்சகரைத் தவிர ஒருத்தரும் இல்லை. அவர் விளக்கேற்றிவிட்டு, வழக்கம்போல் ஆம்ப்ளிஃபயரையும் மைக் ரிசீவரையும் மட்டும் போட்டு வைத்திருந்தார். ரமணியின் கார்ட்லெஸ் மைக் அலமாரியில், அதன் பெட்டியில், பட்டுத்துணி போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே குரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"எவரம்மா பாடுதுன்னதி?" என்றார் அர்ச்சகர், இவளைப் பார்த்து. பாடுவது யார் என்று அவளையே கேட்டால் அவள் என்ன சொல்வாள்? மைக்கை எடுத்து ஸ்விட்சைத் தள்ளினாள். தேன் போன்ற அந்தக் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. அடுத்தபடியாகத் தெரு முழுவதும் கேட்டது ரமணியின் செருமல். அன்றைக்கு அவளுக்கே அவள் செருமல் பிடிக்கவில்லை.

அதற்குள் வசந்தி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கோஷ்டியில் ரமணிக்கு அடுத்த இடம் அவளுக்கு. பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத்; பேச்சில் அந்த ஊர் ஹிந்தி கலந்துகொள்ளும். மனசில் உள்ளதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு திரிகிறவள்.

"மாமி, இப்போ ஸ்பீக்கர்ல பாடினது யாரு? ரெக்கார்டா? க்யா குரல் மாமி! எதுக்கு நிறுத்தினீங்க? இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்."

ரமணி அவளைப் பார்த்த பார்வையில் வசந்தி ஜால்ராவை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

குரலுக்கு உரியவள் யாரென்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. கோயில் மதிலை ஒட்டினாற்போல் பின்னால் புதிதாக எழும்பியிருக்கும் அபார்ட்மென்டில் ஹம்ஸினி என்று ஒரு பெண். திருச்சிக்காரி. மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. போன கோடையில்தான் குடிவந்தாளாம். அந்த அபார்ட்மென்டின் கிளப் ஹவுஸில், படியிறங்கிக் கோயிலுக்கு வரமுடியாத பெரியவர்களுக்காக மார்கழிக் கோஷ்டி ஆரம்பித்திருக்கிறாள். செகந்திராபாதில் கோயிலுக்கு மைக் வாங்கிய அதே கடையில், அதே கம்பெனியின், அதே மைக்கை வாங்கியிருக்கிறாள். மார்கழியில் இன்றைக்கு இன்ன பாசுரம் என்று உலகம் முழுக்க ஒரே கணக்கு. அதனால் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரே நேரத்தில், ஒரே பாசுரம்.

"இவ்வளவு பெரிய ஊர்ல அவளுக்கு வேற கடையே கிடைக்கலையா?" என்றாள் ரமணி.

சக்ரபாணி காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தார். வயர்லெஸ் சமாசாரம் வீட்டுக்குள்ளேயே வந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"ரெண்டும் ஒரே அலைவரிசையில பேசற மைக். உன் மைக் அணைஞ்சிருந்தா, கோயில் ரிசீவர் அவ மைக்கைப் பிடிச்சுக்கும். ரெண்டும் ஆன்ல இருந்தா, எது பலமா வந்து விழறதோ அது ஜெயிக்கும். அங்கேயும் அப்படித்தான்."

"அப்போ புகார் எழுதிக் குடுங்கோ. காலமெல்லாம் வயர்லெஸ்லதானே குப்பை கொட்டினேள்?"

"யார்கிட்ட குடுக்கறது? இது லைசென்ஸ் வேண்டாத மைக். யார் வேணா வாங்கலாம், யார் வேணா பேசலாம். லைசென்ஸ் இல்லைன்னா பாதுகாப்பும் இல்லை. இன்னொருத்தரால இடைஞ்சல் வந்தா பொறுத்துண்டுதான் போகணும். நாமளும் பார்த்து நடந்துக்கணும். அவ்வளவுதான் சட்டம்."

"நாங்கதானே முதல்ல வாங்கினோம்? எங்களுக்குத்தானே பாத்தியதை?"

"ஆகாசத்துக்குப் பட்டா கிடையாது ரமணி. குடு, கடையில போய் வேற அலைவரிசை செட்டா மாத்திண்டு வந்துடறேன். அரை நாள் வேலை."

ஒரு வேலையை அரை நாளில் முடித்துவிடலாம் என்பது ஆண்பிள்ளைகளுக்குச் சமாதானமாக இருக்கலாம். ரமணிக்கு அது அவமானமாக இருந்தது. "நாம எதுக்கு மாத்தணும்? நேத்திக்கு வந்தவ மாத்திக்கட்டும்" என்று சொல்லி டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அதில் இன்னும் இரண்டு வாய் காபி இருந்தது.

ஒரு வாரம் கூத்துதான். ரமணி மூச்சு வாங்க மைக்கைச் சற்றே தாழ்த்தினால் குழாயில் அந்தக் குரல் புகுந்துகொள்ளும். அங்கே அவள் நகர்ந்து உட்கார்ந்தால் கிளப் ஹவுஸ் ஸ்பீக்கரில் ரமணி புறப்படுவாள். முதல் பாதி இவள், பின் பாதி அவள், நடுவில் மழை மாதிரி கரகரவென்று இரைச்சல். தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் திருமுல்கேரி தமிழ் மன்றத்துச் செயலாளர் உலகநாதன், இரண்டு பக்கத்தாரையும் கோயில் மண்டபத்தில் கூட்டிவைத்துப் பேசினார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். மத்திய அரசு வேலையில் இங்கே வந்து ஓய்வு பெற்றவர். எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கியே ஆக வேண்டும் என்று இருப்பவர்.

கோயில் பக்கத்தார், தாங்கள் முந்தி வந்தவர்கள் என்றார்கள். அபார்ட்மென்ட் பக்கத்தார், காற்று என்ன கோயில் சொத்தா என்று கேட்டார்கள். நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றால், கோயிலில் பூஜை நேரம் மாறாது. அங்கேயோ ஹம்ஸினியை அழைத்துப்போக ஆபீஸ் கார் விடியும்போதே வந்துவிடும். பேச்சு தடித்துக்கொண்டே போயிற்று. அதுவரை ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்த ஹம்ஸினி எழுந்தாள். ஒல்லியான பெண். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமி, நாங்களே மாத்திக்கறோம். ஞாயித்துக்கிழமை நானே கடைக்குப் போறேன். உங்க கோஷ்டிதான் பழசு, நீங்கதான் பெரியவா."

"அடடா, இது பேச்சு! எவ்வளவு பெரிய மனசு பாத்தியளா!" என்று உலகநாதன் கைதட்டினார். மண்டபம் முழுவதும் தலையாட்டிற்று. வசந்திகூட ஆட்டினாள்.

பிரச்சினை அந்த நிமிஷமே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் ரமணிக்கு, குரலும் அவளுக்கு, பெரிய மனசும் அவளுக்கா என்று வயிறு பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாம், வேண்டாம். சின்னப் பொண்ணு, ஆபீசுக்குப் போறவ, அலைய வேண்டாம். நாங்களே மாத்திக்கறோம்" என்றாள். இப்போது கைதட்டல் இவளுக்கு.

கைதட்டல் ஓய்ந்ததும் உலகநாதன் இன்னொன்று சொன்னார். மார்கழி இருபத்தேழாம் நாள், கூடாரவல்லி அன்று மன்றத்து ஹாலில் நடக்கும் பெரிய சேவையில் வருஷா வருஷம் ரமணி தலைமை. இந்த வருஷம் இரண்டு கோஷ்டியும் சேர்ந்து பாடட்டும். இரண்டு பேரில் யார் முன்னால் நிற்பது என்பதை அவர் கேட்டு முடிவு செய்வார். "உள்ள வர மாட்டேன். என்னைக்குன்னும் சொல்ல மாட்டேன். தெருவுல நின்னு ரெண்டு பக்கத்தையும் கேப்பேன். என்னப் பாத்து யாரும் பாடக் கூடாதுல்லா?"

ரமணி கணக்குப் போட்டாள். இந்த ஒரு வருஷம் அந்த இடம் போனால், போனதுதான். அடுத்த வருஷம் கேட்கக்கூட மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும். இன்னும் எத்தனை மார்கழி அவளுக்கு! ரமணியோ இப்போதே மேல் ஸ்தாயியில் போகும்போது கண்ணை இறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மைக்கை மாற்றவில்லை. சக்ரபாணி இரண்டு தரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு தரம் தலைவலி என்றாள், ஒரு தரம் கடை லீவு என்றாள். மாற்றிக்கொண்டால் அந்த அலை முழுக்க அவளுக்கு. விட்டுக்கொடுத்தவள் இவள், அனுபவிக்கிறவள் அவளா? கோயிலார் மாற்றுகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னதால் ஹம்ஸினியும் கடைக்குப் போகவில்லை. ஆக, இரண்டு பெரிய மனசும் சேர்ந்து ஒன்றும் நடக்கவில்லை.

ரமணிக்கு வேறொரு யோசனை வந்தது. பலமா விழறது ஜெயிக்கும் என்று புருஷன் சொன்னாரே, அதில் பாதியை அப்படியே எடுத்துக்கொண்டாள். மீதிப் பாதியைத் தன் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொண்டாள். பஸ்ஸில் முந்தி துண்டு போட்டவருக்குத்தானே சீட்? அலையிலும் முந்தி ஏறி உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருகிறவள் என்ன செய்வாள்? மறுநாளிலிருந்து எல்லாருக்கும் முன்னால் கோயிலுக்குப் போய், மைக்கை ஆன் செய்து, கிளப் ஹவுஸைப் பார்த்த ஜன்னல் மாடத்தில் வைத்தாள். தன் மணையையும் அந்த ஜன்னலடிக்கே நகர்த்திப் போட்டுக்கொண்டாள். பூத்தொடுத்து, கோலம் போட்டு, பெண்கள் வந்து சேரும்வரைக்கும் மைக் சும்மா எரிந்துகொண்டிருக்கும். வயர்லெஸ் என்ஜினீயரின் மனைவி, ஆகாசத்தில் துண்டு போட்டு வைத்திருந்தாள்.

பலித்தது. முன்கூட்டிப் போட்டதாலா, ஜன்னலோரம் உட்கார்ந்ததாலா என்று சக்ரபாணியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டால்தானே? கோயில் குழாயில் அந்தக் குரல் வருவது நின்றது. அதுமட்டுமா, கிளப் ஹவுஸ் ஸ்பீக்கரிலும் ரமணியின் குரலே வந்தது. கேள்விப்பட்ட அன்றைக்கு ரமணி சாதத்துக்கு ஒரு கரண்டி நெய் கூட விட்டுக்கொண்டாள்.

ஆனால் அந்தச் சந்தோஷத்தையும் முழுசாக அனுபவிக்க அந்தப் பெண் விடவில்லை. காய்கறிக் கடையில் எதிரே வந்து நின்று, "மாமி, எங்க ஹால்லயும் உங்க குரல்தான் கேக்கறது. எங்க பெரியவாளுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். நாங்க உங்க பின்னாடியே திருப்பிச் சொல்லிடறோம்" என்றாள். முகத்தில் ஒரு துளி விஷம் இல்லை. ரமணி தேடிப் பார்த்தாள். விஷம் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

உலகநாதன் வந்தது அதற்கு அடுத்த வாரம். அவர் தெருவில் நிற்கிறார் என்று வசந்திதான் வந்து காதில் போட்டாள். "மாமி, செக்ரட்டரி பால் பூத் பக்கத்துல நிக்கிறாரு. மப்ளர் சுத்தியிருக்காரு, ஆனா ஹவ், ஆமா, அவரேதான்."

ரமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று பாடினதுபோல் அவள் பல வருஷமாகப் பாடியதில்லை. கண்ணை இறுக்காமலே மேலே போனாள். அவள் ஒரு வரி சொல்ல, பெண்கள் திருப்பிச் சொல்ல, ஜால்ராவும் மணியும் சேர்ந்து மண்டபமே அதிர்ந்தது. வெளியே குழாய் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்ததால், அதில் என்ன போகிறதென்று உள்ளே இருப்பவர்களுக்கு என்றைக்குமே சரியாகக் கேட்காது. அன்றைக்கு யாரும் காது கொடுக்கவும் இல்லை.

பாசுரம் முடிந்து மைக்கை அணைக்கப் போனபோதுதான் பார்த்தாள். பச்சை விளக்கைக் காணோம். ஸ்விட்ச் ஆனில்தான் இருந்தது. தட்டிப் பார்த்தாள், உலுக்கிப் பார்த்தாள். பேட்டரி செத்துக் கிடந்தது. தினமும் விடியலுக்கு முன்னாலிருந்து மாடத்தில் வெறுமே எரிந்து எரிந்து, வேண்டிய நேரத்தில் அது கண்ணை மூடிவிட்டது. எப்போது செத்தது? முதல் வரியிலா, நடுவிலா? தெருவில் நின்ற மனிதருக்குத் தன் குரல் ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பிரசாதம் கொடுக்கிற சாக்கில் வாசலுக்கு வந்தாள், அவர் முகத்தையாவது பார்க்கலாம் என்று.

உலகநாதன் மப்ளரைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் பால் பாக்கெட் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமி, என்னமா பாடுனிய இன்னைக்கு! நான் அப்படியே நின்னுட்டேன். இத்தன வருசமா கேக்கேன், இந்த மாதிரி ஒரு நாள் கேட்டதில்ல. முப்பது வயசு கொறஞ்சாப்புலல்லா இருந்துது குரலு! இனிமே என்னத்தக் கேட்டு முடிவு செய்ய? நீங்கதான் நிக்கணும், நீங்களேதான்."

ரமணிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. மறுகணம் எல்லாம் புரிந்தது. இவள் மைக் செத்ததும் அங்கே ஹம்ஸினி தானே பாட ஆரம்பித்திருக்கிறாள், கோயில் ரிசீவர் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அதே பாசுரம், அதே நேரம். தெருவில் நின்றவருக்கு எப்படித் தெரியும்? முப்பது வயது குறைந்த மாதிரி இருந்ததாமே. குறைந்துதான் இருக்கும்.

இல்லை, அது நான் இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். "எல்லாம் பெருமாள் கிருபை" என்று வந்தது.

அதோடு போயிற்றா? உலகநாதன் தெருவில் நின்றபடி அதை ஃபோனில் பதிவு வேறு செய்திருந்தார். மத்தியானத்துக்குள் 'நம் ரமணி மாமியின் தெய்வீகக் குரல்' என்று காலனி வாட்ஸாப்பில் போட்டுவிட்டார். கூப்பிய கைகளும் பூங்கொத்துகளுமாகக் குவிந்தன. சென்னையிலிருந்து நாத்தனார் கூப்பிட்டு, இத்தனை நாள் இந்தக் குரலை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டாள். ரமணி ஒவ்வொரு பாராட்டுக்கும் நன்றி போட்டாள். அந்தப் பெண் அவளாகவே பாராட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. ரமணியின் பெயரைப் போட்டு ரமணியின் வீட்டுக்குள்ளேயே வந்து வாங்கிக்கொண்டு போகிறாளே!

சக்ரபாணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டார். இரண்டு வரி ஆனதும் நிறுத்தினார்.

"இது நீ இல்லையே."

"என் குரல் இவ்வளவு நன்னா இருக்காதுங்கறேளா?"

"நன்னா இருக்கு, நன்னா இல்லைன்னு நான் சொல்லலை. உன் குரல் எனக்குத் தெரியாதா? இது நீ இல்லை."

ரமணி ரசம் சாதத்தில் மறுபடியும் ரசத்தையே விட்டாள். அவர் அதைக் கவனித்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹம்ஸினி வீட்டுக்கு வந்தாள். வாசலில் அவளைப் பார்த்ததும் ரமணி காபி கலக்க உள்ளே ஓடினாள். தன் குரலைத் தெரியாத பாட்டுக்காரி உலகத்தில் உண்டா? வந்துவிட்டாள், கேட்கப் போகிறாள், தெருவே வேடிக்கை பார்க்கப் போகிறது.

"ரெக்கார்டிங் கேட்டேன் மாமி" என்றாள் ஹம்ஸினி, காபி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே. அப்புறம் நிமிர்ந்து ரமணியின் கண்ணை நேராகப் பார்த்தாள். "நன்னாப் பாடியிருக்கேள்."



"கூடாரவல்லி அன்னிக்கு நான் உங்க பின்னாடி நின்னு ஜால்ரா போடட்டுமா மாமி? ஆபீஸ்ல லீவு சொல்லியிருக்கேன்."

"வாயேன்" என்றாள் ரமணி. வேறு என்ன சொல்வது?

அவள் போன பிறகு ரமணி வெகுநேரம் யோசித்தாள். இந்தப் பெண் நிஜமாகவே இவ்வளவு நல்லவளா? அல்லது தூக்குக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற கெட்டிக்காரியா? கெட்டிக்காரி என்றுதான் முடிவு செய்துகொண்டாள். அப்படி நினைப்பதுதான் சௌகரியமாக இருந்தது. ஆனால் அந்த முடிவு அடுத்த வேளைச் சாப்பாடுவரைகூடத் தாங்கவில்லை. நல்லவளாக இருந்தால்தான் என்ன, கெட்டிக்காரியாக இருந்தால்தான் என்ன, ஹாலில் போய் நிற்கப் போகிறவள் ரமணி. திறக்கப் போவது ரமணியின் வாய். வருவது ரமணியின் குரல்.

கூடாரவல்லி வந்தது. மன்றத்து ஹாலில் இடமில்லை. பதிவைக் கேட்டுவிட்டு சனத்நகரிலிருந்தும் மாதாப்பூரிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். அக்காரவடிசல் நெய் மணம் வாசல்வரை வந்தது. மேடையில் ஒயர் வைத்த மைக். யாரும் குறுக்கே வரமுடியாது, யாரும் கைகொடுக்கவும் முடியாது. உலகநாதன் அதைப் பிடித்துக்கொண்டு, "தெருவுல நின்ன என்னை அழ வச்ச குரல்" என்று ஆரம்பித்து ஐந்தாறு நிமிஷம் பேசினார். ரமணி அரக்குப் புடவையில் நடுவில் நின்றாள். பின்னால் வசந்தி. அவளுக்குப் பக்கத்தில் ஜால்ராவுடன் ஹம்ஸினி.

ரமணி பாடினாள். அரைகுறையாக ஒன்றும் பாடவில்லை. ஒரு வாரமாகத் தயிரை ஒதுக்கி, மிளகு பால் குடித்து, மொட்டைமாடியில் போய்ப் பயிற்சி செய்து வந்திருந்தாள். ஒரு சொல் பிசகவில்லை. மூச்சு தவறவில்லை. கண்ணை மட்டும் மேல் ஸ்தாயியில் ஒரு தரம் இறுக்கிக்கொண்டாள். இந்தக் காலனியில் வந்து இறங்கியதிலிருந்து இதைவிட நன்றாக அவள் பாடியதில்லை. பாடி முடித்தபோது அவளுக்கே அது தெரிந்தது. உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட எழுந்தது.

ஹாலில் கைதட்டினார்கள். மரியாதையாகத் தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகநாதன் ஓடிவந்து மைக்கை வாங்கி, அத்தனை பேரும் கேட்க, அன்போடு சொன்னார்.

"மாமிக்கு இன்னைக்குத் தொண்ட சரியில்ல போல. பனி ஒத்துக்கிடல. பாவம், அதோடயும் வந்து பாடியிருக்காங்க. ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டாங்கப்பா."

யாரோ வெந்நீர் கொண்டுவந்தார்கள். ரமணி அந்த டம்ளரைப் பார்த்தாள். பொய்யை விழுங்கியாகிவிட்டது. பாராட்டை விழுங்கியாகிவிட்டது. இந்த வெந்நீரை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. வாழ்நாளில் தான் பாடியதிலேயே நன்றாகப் பாடினதைத் தொண்டைக்கட்டு என்று சொன்னால் எவள் பொறுப்பாள்? மைக்கை உலகநாதன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"எனக்குத் தொண்டை கட்டலை. இதுதான் என் குரல். இதைவிட நன்னா எனக்குப் பாட வராது."

சக்ரபாணி இருக்கையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீங்க தெருவுல நின்னு அழுதேளே, அது நான் இல்லை. என் மைக் அணைஞ்சு போயிடுத்து. குழாயில வந்தது இவளோட குரல்." கையை நீட்டி ஹம்ஸினியைக் காட்டினாள். "இவளுக்கும் தெரியும். கேளுங்கோ."

எல்லாத் தலைகளும் திரும்பின. ஹம்ஸினி ஜால்ராவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. இல்லை என்று சொல்ல நினைத்தாளோ என்னவோ, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டாள். உலகநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கு நல்லவராக இருப்பது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியாமல் போயிற்று.

"என்ன நிக்கறே? பிடிச்சுக்கோ" என்று ரமணி மைக்கை அவள் கையில் திணித்தாள். அவள் கையிலிருந்த ஜால்ராவை வாங்கிக்கொண்டு, வசந்தியை இடித்து நகர்த்திவிட்டு, பின்வரிசையில் போய் நின்றாள். அந்த வரிசையிலிருந்து பார்த்தால் மேடை எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. முன்னால் நிற்பவளின் முதுகுதான் தெரிந்தது.

ஹம்ஸினி பாடினாள். அழுதுகொண்டே பாடினாள். அழுகையில்கூடச் சுருதி ஒரு நூல் விலகவில்லை. தேம்பல் வந்த இடத்தில்கூட அந்தக் குரல் அழகாகத்தான் நின்றது. ரமணிக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு, முதல் வரியை அவள் முடித்ததும், மற்ற எல்லாரையும் முந்திக்கொண்டு திருப்பிச் சொன்னாள்.